மேசையின் மேல் விரிந்த உலகங்கள்

பத்திரிகை அலுவலகங்களிலே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஒப்புநோக்குநராகத் தொடங்கிச் செய்தி ஆசிரியராக முடித்தேன். அந்தத் தொழிலிலே கற்பனைக்கு இடமில்லை. இருந்தால் அது குற்றம். அப்படிப்பட்ட ஒருவன் எழுபது வயதைக் கடந்த பின்னர், ஞாயிறு தோறும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, உலகில் எங்குமே இல்லாத ஒரு பேரரசின் துறைமுக நகரிலே எழுத்தர் உத்தியோகம் பார்த்தான் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். நகைக்கட்டும். அந்த உத்தியோகம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அது முடிவுக்கு வந்த விதத்தைப் பற்றியே எழுத எண்ணினேன். ஆயினும் இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு முதலில் அதனைச் சொல்லியாக வேண்டும்.

2019 டிசெம்பரில் கனடாவிலே மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஸ்காபரோவில் வீடு. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டின் நிலக்கீழ் அறையிலிருந்து – அங்குள்ள நம்மவர்கள் அதனைப் ‘பேஸ்மென்ற்’ என்றே வழங்குகிறார்கள் – பெருஞ்சிரிப்பொலி கேட்டது. இறங்கிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்திற்குப் புதிதாகச் சென்றிருந்த என் பேரனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். மேசை மீது ஒரு வரைபடம், பென்சில்கள், அழிறப்பர், பல முகங்கள் கொண்ட பகடைகள். கணினி எதுவும் இல்லை. அதுவே எனக்கு முதல் வியப்பு.

“அம்மப்பா, வந்து இருங்கோவன். ஒராள் குறையுது” என்றான் பேரன். இருந்தேன்.

ஆட்டத்தின் முறை எளிது. ஒருவர் நடுவராக இருப்பார். உலகத்தை விபரிப்பவர் அவரே. மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கொள்வார்கள். நகர வாயில் மூடியிருக்கிறது, காவலன் ஒருவன் உறங்குகிறான், என்ன செய்யப் போகிறீர்கள் என்று நடுவர் கேட்பார். மதிலேறுவதா, காவலனை எழுப்பிக் கையூட்டுக் கொடுப்பதா, விடியும் வரை காத்திருப்பதா என்பதை ஆட்டக்காரர்கள் சொல்ல வேண்டும். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். வெற்றி, தோல்வி என்ற முடிவு இதற்கு இல்லை. ஒரே கதை ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு. கூத்தும் தாயமும் கலந்த ஒன்று என்று சொன்னால் நம்மவர்களுக்கு ஓரளவு விளங்கும். ஆனால் கூத்திலே கதையின் முடிவு எல்லோருக்கும் முன்னரே தெரியும். இங்கே அண்ணாவியாருக்கும் தெரியாது.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி. விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974 ஜனவரியில் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரிலே மூன்று சிறு கைநூல்களை ஒரு பெட்டியில் இட்டு வெளியிட்டார்கள். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். நம்மவர் ஒருவர் கவிதைத் தொகுதி வெளியிட்டாலும் அவ்வளவுதான் அச்சிடுவார், அதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கைநூல்களிலே விதிகள் இருந்தனவேயன்றி உலகம் என்று ஒன்று விரிவாகச் சொல்லப்படவில்லை. உலகத்தை ஒவ்வொரு மேசையும் தானே ஆக்கிக் கொள்ள வேண்டும் என்பதே எண்ணம். ஆர்னெசனிடம் அதற்கு முன்னரே பிளக்மூர் என்ற கோட்டையும் அதன் கீழே நிலவறைகளும் இருந்தன. கைகாக்ஸ் 1972இல் கிரேஹோக் கோட்டையைக் கற்பித்தார். அதற்குள் முதலிலே இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகளான எர்னியும் எலீஸும். பின்னர், ஆயத்தமாக ஓர் உலகம் வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கேட்கத் தொடங்கவே, 1980இல் கிரேஹோக் உலகம் வரைபடத்தோடு அச்சில் வந்தது.

எனக்குப் பிடித்த உலகங்களுள் கிரேஹோக்குக்கு ஒரு தனி இடம் உண்டு. காரணம் இலக்கியம் அன்று, தொழிற்பழக்கம். அந்த நூலைப் பேரன் கையில் தந்தபோது, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கைநூல் ஒன்றைப் புரட்டும் உணர்வே எனக்கு உண்டாயிற்று. நாட்டின் பெயர், ஆள்பவர், தலைநகர், குடித்தொகை, விளைபொருள் என்று வறட்சியான பதிவுகள். டார்லீன் என்ற ஓவியர் வரைந்த வரைபடமோ அறுகோணக் கட்டங்களால் நிறைந்தது. நிறங்கள் மிக அழகியவை. ஒரு சிற்றரசுக்கும் அதன் அயலரசுக்கும் தீராத பகை என்று ஒரே வரியிலே சொல்லிவிட்டு நூல் அப்பால் போய்விடும். ஏன் பகை என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியிலேதான் மேசையில் அமர்ந்திருப்பவர்கள் புகுந்து கொள்கிறார்கள். நிருபர் ஒருவர் அனுப்பும் இருவரித் தந்தியிலிருந்து செய்தியை விரித்தெழுதிய காலத்தை அது எனக்கு நினைவூட்டிற்று. அந்த உலகத்தைப் படைத்த கைகாக்ஸ் 1985இல் தாம் நிறுவிய நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கிரேஹோக் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. தான் கட்டிய கோட்டைக்குள் அவரே நுழைய முடியாத நிலை. 2008இல் அவர் காலமானார்.

ஆனால் நான் முதலிலே நடந்து திரிந்த உலகம் ‘ஃபொர்கொட்டன் றெல்ம்ஸ்’. மறக்கப்பட்ட இராச்சியங்கள் என்று பொருள். இதனைப் படைத்தவர் எட் கிரீன்வுட் என்னும் கனேடியர். அவர் வளர்ந்தது ரொறன்ரோவின் டொன் மில்ஸ் பகுதியிலே. ஸ்காபரோவுக்கு அது அண்டை அயல். நம்மவர்கள் நாளாந்தம் கடந்து செல்லும் இடம். சிறுவனாக இருந்தபோதே, இந்த விளையாட்டு பிறப்பதற்கு முன்னரே, தன் கதைகளுக்காக அவர் அந்த உலகத்தை எழுதத் தொடங்கிவிட்டார். பின்னர் நூலகத்திலே வேலை பார்த்துக்கொண்டு ‘டிராகன்’ என்ற சஞ்சிகைக்குக் கட்டுரைகள் எழுதினார். 1987இல் அவருடைய உலகம் பெட்டியாக வெளிவந்தது. இன்றைக்கு இவ்வுலகங்களுள் அதிகம் பேர் அறிந்தது இதுவே. 2023இல் உலகெங்கும் பேசப்பட்ட ‘பல்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி விளையாட்டு நிகழும் இடமும் இதுதான்.

ஒரு நூலகப் பணியாளரின் உலகம் என்பது அதிலே நன்றாகத் தெரிகிறது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சத்திரம், அதன் உரிமையாளருக்கு ஒரு பழங்கதை, அந்தப் பழங்கதைக்கு ஒரு நூல். என் குறை என்னவென்றால், அது இப்போது அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது. நாவல்கள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. ஒரு மரத்தடியில் இளைப்பாறினால், அம்மரத்தின் கீழ் எந்த வீரன் எந்த ஆண்டில் காயப்பட்டான் என்று சொல்ல ஒருவர் மேசையில் இருக்கிறார். புதிதாக வந்தவனுக்கு அங்கே செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை போன்ற எண்ணம் எழுகிறது.

கிரெக் ஸ்டஃபொர்ட் படைத்த குளொரந்தாவையும் குறிப்பிடாமல் விட முடியாது. 1966இல், மாணவராக இருந்தபோது, அவர் இதனை எழுதத் தொடங்கினார். 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்ற விளையாட்டின் மூலம் அது பரவிற்று. அங்கே புராணம் என்பது பழங்கதை அன்று. உலகம் இயங்குகின்ற விதி. சடங்கு செய்பவர் தெய்வங்களின் காலத்துக்குள்ளே நுழைந்து, பழைய கதையை மீண்டும் நடந்து காட்டித் திரும்ப வேண்டும். வழியில் கதை பிசகினால் ஊருக்கே கேடு. கோயில் திருவிழாவிலே சூரன் போர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேசையின் குளொரந்தாவும் வேறு வேறாகவே இருக்கும் என்பதை அதன் அன்பர்கள் ஒரு கொள்கையாகவே கொண்டிருக்கிறார்கள். ஸ்டஃபொர்ட் 2018 ஒக்டோபரில் காலமானார். அவரைப் பற்றி நான் விரித்து எழுத வேண்டும், பிறிதொரு நாளில்.

இப்போது நான் சொல்ல வந்த உலகத்துக்கு வருகிறேன். அதன் பெயர் டெக்குமெல்.

2020இன் தொடக்கத்தில் நான் கொழும்புக்குத் திரும்பினேன். சில வாரங்களில் கொரோனா வந்து உலகத்தை மூடிற்று. ஸ்காபரோவில் அந்த ஐவரும் ஒரே மேசையில் அமர முடியாமற் போகவே, ஆட்டம் இணையத்துக்கு மாறியது. அங்கே சனி இரவு ஏழு மணி, இங்கே ஞாயிறு அதிகாலை நாலரை. காலைப் பத்திரிகைக்காக இரவெல்லாம் விழித்த எனக்கு அது ஒரு பொருட்டன்று. தேநீரை வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியின் முன் அமர்ந்துவிடுவேன். புதிய கதைக்குப் புதிய உலகம் வேண்டும் என்று பேரன் தெரிந்தெடுத்தது டெக்குமெல்லை.

அதனைப் படைத்தவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். அமெரிக்காவில் 1929இல் பிறந்தவர். இளமையில் புலமைப்பரிசில் பெற்று இந்தியாவுக்கு வந்து, அங்கே இஸ்லாத்தைத் தழுவியவர். உருது மொழிக்கும் பலூச்சி மொழிக்கும் பாடநூல்கள் ஆக்கியவர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலே தென்னாசியவியல் பேராசிரியராக விளங்கியவர். சிறுவயது முதலே தம் மனத்தில் வளர்த்த உலகத்தை 1975இல் ‘எம்பயர் ஒஃப் த பெற்றல் துரோன்’, அதாவது இதழ் அரியணைப் பேரரசு, என்ற பெயரிலே விளையாட்டாக வெளியிட்டார். நான் மேலே குறிப்பிட்ட ஆர்னெசனே பார்க்கரின் மேசையில் அமர்ந்து ஆடியவர்.

மற்றைய உலகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் நடுக்காலச் சாயலைக் கொண்டவை. கோட்டை, குதிரைவீரன், ரோல்கீன் எழுதிய நூல்களிலிருந்து இறங்கி வந்த குள்ளர்கள். ரோல்கீனின் ‘ஹொபிற்’ என்ற சொல்லைச் சட்டச் சிக்கல் காரணமாக ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றவும் நேர்ந்தது. டெக்குமெல்லிலே இவை எவையும் இல்லை. அங்கே குதிரையே கிடையாது. இரும்பு மிக அரிது. பாரிய விலங்கொன்றின் தோலைப் பதப்படுத்தி வாளும் கவசமும் செய்கிறார்கள். எகிப்து, இந்தியா, மெக்சிக்கோவின் பழைய அரசுகள் ஆகியவற்றின் சாயல்கள் கலந்த கோயில்கள், குலங்கள், பூசகர்கள். நகரங்களை இணைக்கும் பெருவீதி மூன்று அடுக்குகள் கொண்டது. எந்த அடுக்கில் நீர் நடக்கலாம் என்பதை உமது குலமும் பதவியும் தீர்மானிக்கும். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரங்களை மண்ணிட்டு நிரப்பி, அதன் மேலே புதிய நகரத்தை எழுப்புவது அவர்களுடைய சடங்கு. ஆகவே ஒவ்வொரு நகரின் கீழும் இன்னொரு நகரம், அதன் கீழும் ஒன்று. ஏனைய உலகங்களிலே கோட்டையின் கீழ் ஏன் இத்தனை நிலவறைகள் என்று கேட்டால் விடையில்லை. பார்க்கரிடம் இருந்தது.

எல்லாவற்றிலும் மேலாக என்னைக் கவர்ந்தது மொழி. பேராசிரியர் தம் பேரரசுக்கு ட்சோல்யானி என்றொரு மொழியை ஆக்கி, அதற்கு இலக்கணமும் எழுதினார். அந்த மொழியிலே முன்னிலைச் சொல் ஒன்றன்று, பல. கேட்பவரின் தகுதியை அறிந்து சொல்லைத் தெரிய வேண்டும், பிழைத்தால் வில்லங்கம். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரும் புதிராக இருந்தது. எனக்கோ வீட்டு வாசலில் நிற்பது போன்ற உணர்வு. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நாமும் அளந்து பேசி வளர்ந்தவர்கள் அல்லவா? யாழ்ப்பாணத்திலே யாரை ‘நீர்’ என்று அழைக்கலாம், யாரை அழைத்தால் அடி விழும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு காலை முழுவதும் விளக்கினேன். அன்றைக்குக் கதை நகரவேயில்லை.

1975ஆம் ஆண்டின் விதிநூலிலே கதையின் தொடக்கம் இப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்நியர்கள். ஒரு சிறு படகிலே ஜகல்லா என்னும் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறார்கள். அந்நியர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலேதான் அவர்கள் தங்கலாம். மொழி தெரியாது, மரியாதை தெரியாது. பெருந்தகை ஒருவரைத் தவறாக அழைத்தால் கழுமரம் ஏற வேண்டி வரலாம். நற்பெயர் எடுத்து, வேலை தேடி, படிப்படியாகவே நகருக்குள் நுழைய வேண்டும்.

பேரன் அதனை வாசித்தபோது இணைப்பில் எவரும் பேசவில்லை. 1986 ஓகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டவர்களுள் நானும் ஒருவன். படகில் வந்தவர்களை என்ன செய்வது என்று அந்த நாட்டிலே எழுந்த வாதங்களையும் பின்னர் நாளாந்தம் மொழிபெயர்த்தேன். பார்க்கரின் விளையாட்டு அதற்குப் பதினொரு ஆண்டுகள் முந்தியது. நம்மை அவர் நினைத்திருக்க நியாயமில்லை. ஆயினும் என் பாத்திரமாகப் படகிலிருந்த முதிய எழுத்தர் ஒருவரை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே. அவர் முதலில் துறைமுகச் சுங்கத்திலே பொதிகளை எண்ணினார். பிறகு அந்நியர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை ஆண்டுக்குப் பின்னர் ஒரு சிறு குலம் அவரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அன்று நான் உண்மையாகவே மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022 மார்ச். இலங்கையிலே எரிபொருள் வரிசையும் நீண்ட மின்வெட்டும் நிலவிய நாட்கள். கைத்தொலைபேசியில் மின்னேற்றம் குறைந்திருந்த ஓர் இரவில் பேரன் அழைத்தான். “அம்மப்பா, பார்க்கரைப் பற்றி ஒரு விசயம் வெளியில வந்திருக்கு” என்றான். குரல் சரியாக இல்லை.

பார்க்கர் 2012இல் காலமாகிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய படைப்புகளைப் பேணும் டெக்குமெல் அறக்கட்டளை அந்த மாதம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1991இல் ‘சேர்ப்பன்ற்ஸ் வோக்’ என்றொரு நாவல் புனைபெயரிலே வெளிவந்திருந்தது. நாஸிகளின் வழிவந்தோரை நாயகர்களாக்கிய நாவல்; வெளியிட்டதும் ஒரு புதிய நாஸி இயக்கத்தின் பதிப்பகம். அதனை எழுதியவர் பார்க்கரே என்பதை அறக்கட்டளை உறுதிப்படுத்தியது. யூத இனப்படுகொலையை மறுக்கின்ற சஞ்சிகை ஒன்றின் ஆலோசகர் குழுவிலும் அவருடைய பெயர் இருந்தது.

வாசித்துவிட்டு நெடுநேரம் இருட்டிலே இருந்தேன். புனைபெயர் என்பது எங்கள் தொழிலிலே மதிப்புக்குரிய ஒன்று. ஆனால் அதற்குள் ஒளிந்திருந்தவரை நான் முன்னரும் ஒருமுறை கண்டிருக்கிறேன். நான் பெரிதும் மதித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர். இரு சமூகங்களுக்கும் பாலமானவர் என்று மேடைகளிலே புகழப்பட்டவர். வேறொரு பெயரிலே, அயல் சமூகத்தைக் கருவறுக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரங்களை எழுதியவரும் அவரே என்பது கையெழுத்துப் பிரதி ஒன்று தற்செயலாக என் மேசைக்கு வந்தபோது தெரிந்தது. நான் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவருடைய மொழிபெயர்ப்புகள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவை இன்றும் நல்ல மொழிபெயர்ப்புகளே.

பார்க்கரின் விதிநூலை மீண்டும் எடுத்து வாசித்தேன். அந்நியர்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியையும் கழுமரத்தையும் நான் ஓர் அங்கதமாகவே கொண்டிருந்தேன். அகதியின் பக்கம் நின்று அதிகாரத்தைப் பார்க்கச் செய்த கலைஞன் என்று எண்ணியிருந்தேன். இப்போது அதே பக்கங்கள் வேறு விதமாகத் தெரிந்தன. குல வரிசையையும் அடுக்கு வீதியையும் அவர் வியந்தாரா, விரும்பினாரா? தெளிவாகச் சொல்லத் தக்க ஒரு வரியும் கிடைக்கவில்லை. இவை எழுதப்பட்டது நாவலுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னர் என்பதும் உண்மை.

அந்த ஞாயிறு அதிகாலை ஐவரும் நானும் இணைப்பில் கூடினோம். பகடை உருளவில்லை. பேரன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றான். நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதனை ஆதரித்தாள். ஏனையோர் பேசாமலிருந்தார்கள். அந்தக் குழுவில் ஒரு யூதப் பெண் இருந்தாள். எல்லோரும் அவளுடைய வாயையே பார்த்திருந்தார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் யூதப் பெண் என்பதற்காகத் தீர்ப்பைத் தன் தலையிலே வைப்பது என்ன நியாயம் என்று கேட்டாள். பின்னர் சற்று ஆறி, அந்த மனிதனின் நூல்களுக்கு இனி ஒரு சதமும் கொடுக்க மாட்டேன், ஆனால் படகில் வந்தவர்கள் நம்முடையவர்கள், அவர்களை எதற்காகக் கொல்ல வேண்டும் என்றாள். அவள் ஆடிய பாத்திரம் ஒரு வாள்வீராங்கனை; இரண்டு தடவை என் எழுத்தரின் உயிரைக் காத்தவள்.

என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் என்பதால் கேட்டிருக்கலாம். என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதியின் கதையை மட்டும் சொன்னேன். முதன்முறையாக அன்றுதான் சொன்னேன்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. படகில் வந்தவர்கள் படகிலேயே புறப்படுவது. ஜகல்லாவை விட்டு, பார்க்கரின் வரைபடத்தின் விளிம்பைக் கடந்து, அவருடையதல்லாத கடலுக்குள் செல்வது. சிறுபிள்ளைத்தனமான தந்திரம் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கும் அப்படித் தோன்றியது. என் எழுத்தரை ஏற்றுக்கொண்ட குலத்தாரிடம் விடைபெற்ற காட்சியிலே, எந்த முன்னிலைச் சொல்லைப் பாவிப்பது என்று தடுமாறினேன். மூன்று அடுக்கு வீதியும் மண்ணுள் புதைந்த நகரங்களும் இன்னும் என் கனவில் வருகின்றன. ஜகல்லாவின் வரைபடப் பிரதி மேசை இலாச்சியில் இருக்கிறது. எறியவில்லை.

புறப்பட்ட கப்பல் கடலில் சில வாரங்கள் அலைந்தது. வரைபடத்திலே இப்போது வெறுந்தாள். முதலிலே தென்படும் துறைக்கு நானே பெயர் வைக்க வேண்டும் என்று பேரன் சொன்னான். என் பாட்டியாரின் ஊருக்கு அப்பால் கடலில் இருந்த ஒரு மணல் திட்டின் பெயரைச் சொன்னேன். பென்சிலால் எழுதிக்கொண்டான்.

“அம்மப்பா, அங்க வந்து இறங்கிற ஆக்களிட்ட முதல்ல என்ன கேப்பினம்?”

“சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பினம்.”

“அதுக்கும் பகடை உருட்டத்தான் வேணும்” என்றான். உருட்டினான்.

ஏழு விழுந்தது.